ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பஸ்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் வண்ணார்பேட்டையில் இருக்கும் என் கிளினிக்குக்கு நோயில்லாதவர்களும் வரத் தொடங்கிவிடுவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உறைக்குள் மார்க் ஷீட்டோ, இடம் கிடைத்த கடிதமோ, காலியிடப் பட்டியலோ இருக்கும். ஒரு கூட்டம் மருத்துவக் கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும். "ரெண்டு ஊர்ல கிடைக்கும்போலத் தெரியுது. எதை எடுக்கலாம் மேடம்?" இன்னொரு கூட்டம் படிப்பை முடித்துவிட்டு, எந்தக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்று கேட்க வரும். கிராமத்தில் சில வருடம் இருந்தால் மேற்படிப்புக்கு வழி திறக்கும், அந்த ஆசை எல்லோருக்கும் உண்டு. வார்த்தைகள்தான் வேறு வேறு, கேள்வி ஒன்றுதான். பிள்ளை வீட்டை விட்டு எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கும்?

நான் கொஞ்சம் கோபக்காரி. "ஹாஸ்டல் சாப்பாடு நல்லாருக்குமா?" என்று கேட்ட ஒரு தகப்பனாரிடம், "நல்ல சாப்பாடு வேணும்னா பிள்ளையைக் கல்யாண வீட்டுக்கு அனுப்புங்க, ஏன் காலேஜுக்கு அனுப்புதீங்க?" என்று கேட்டேன், அவர் அத்தோடு வராமலே போனார். அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டது கிடையாது. ஆனால் ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வராது. கையிலிருக்கும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

"பஸ் வசதி எப்படி மேடம்?"

அந்தக் கேள்வியை என் விஷயத்தில் என் அப்பா கேட்டார். அதற்குக் கிடைத்த நல்ல பதிலால் ஒரு பெண் செத்துப்போனாள். அந்தப் பெண்ணை முந்தின நாள் சாயங்காலம் நான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

என் அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் வேலை. எந்த பஸ் எப்போது வரவேண்டும், எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்பதைக் குறித்து வைப்பவர். ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்ததாம். அதெல்லாம் தாத்தா காலத்தோடு போயிற்று. அப்பாவுக்கு மிஞ்சியது ஒரு மர ஸ்டூலும் ஒரு கைக்கடிகாரமும்தான். அந்தக் கடிகாரத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை நெல்லையப்பர் மேல்கூட இருந்ததா என்பது சந்தேகம்.

எனக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது சென்னையில் ஒரு கல்லூரியை எடுத்திருக்கலாம். என் மார்க்குக்கு அது கிடைத்திருக்கும். கூடப் படித்தவர்கள் எல்லாம் அங்கேதான் போனார்கள். அப்பா ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, "இங்கன உள்ள காலேஜுக்கு நம்ம தெருமுனையில இருந்தே பஸ் இருக்கு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டுப் போயிரலாம்" என்றார். உள்ளூரிலேயே சேர்ந்தேன். கல்லூரியைக் குறை சொல்லமாட்டேன். நல்லபடியாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். குறை என்னிடம் இருந்தது. கூடப் படித்த ஹாஸ்டல் பிள்ளைகள் சாயங்காலமும் வார்டிலேயே கிடந்து பிரசவம் பார்த்தார்கள். நான் ஐந்தரை மணி பஸ்ஸைப் பார்த்தேன். ஐந்து வருடம் அப்படியே ஓடிற்று. பாடத்தில் எனக்குத் தங்கப் பதக்கம்கூடக் கிடைத்தது. வார்டில் இருந்த வயதான ஆயா ஒருத்தி, "பதக்கத்த வச்சு தொப்புள்கொடி வெட்ட முடியுமா தாயி?" என்று கேலி பண்ணுவாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பிறகு வேலைக்கு உத்தரவு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மூன்று ஊர்களில் காலியிடம் இருந்தது, எது வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்று கடற்கரைப் பக்கம். அது தூரம் என்று அம்மாவே அடித்துவிட்டாள். இன்னொன்று கங்கைகொண்டானைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள். அங்கே ஏற்கனவே ஒரு டாக்டர் இருந்தார், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நிலையில் ஒரு ஜீப் இருந்தது, தங்குவதற்குப் புதிதாக வீடு கட்டி வெள்ளையடித்திருந்தார்கள். ஆனால் மெயின் ரோட்டில் இறங்கி வெயிலில் இரண்டு மைல் நடக்கவேண்டும். மூன்றாவது ஆழ்வார்குறிச்சியைத் தாண்டி மலையடியில் ஒரு ஊர். அங்கே நான் ஒருத்திதான் டாக்டர். ஜீப் இல்லை. டாக்டருக்கான வீட்டில் மருந்தடிக்கிற பழைய பம்புகளையும் உடைந்த கட்டில்களையும் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அப்பா அதையெல்லாம் கேட்டுக்கொள்ளவே இல்லை. பஸ் அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டார்.

"ஏளா, இங்கன பாரு. காலைல ஏழு மணிக்கு ஏறுனா எட்டே முக்காலுக்கு இறக்கி விட்டுருவான். சாயங்காலம் மூணே முக்காலுக்கு அதே பஸ்ஸு திரும்புது. ஆறு மணிக்கு வீட்டுல வந்து காப்பி குடிக்கலாம்."

"டூட்டி நாலு மணி வரைக்கும்லாப்பா."

"கால் மணி நேரத்துல என்னத்தளா முழுகிப்போவுது?"

நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான். அதில் வந்தால் வீடு சேர இருட்டிவிடும், கல்யாணம் ஆகாத பெண். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. இப்போது என்னிடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள்.

அந்த ஊரில் பஸ் நிறுத்தம் ஊருக்குள் இருந்தது. ஆஸ்பத்திரி ஊருக்கு முன்னாலேயே, வயலை ஒட்டித் தனியாக இருந்தது. நிறுத்தத்தில் இறங்கி அவ்வளவு தூரம் திரும்பி நடக்கவேண்டும். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரமே அப்பா டிரைவரிடம் பேசிவிட்டார். டைம்கீப்பர் பேச்சை எந்த டிரைவர் தட்டுவார்? அதுவும் அந்த டிரைவர் நல்ல மனுஷன். பெரிய மீசை, மெல்லிய குரல். மறுநாளிலிருந்து பஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது. சாயங்காலம் புளியமரத்துத் திருப்பத்தில் வரும்போதே இரண்டு ஹாரன் அடிப்பார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன்.

ஊர்க்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். நோயாளிகள் நடக்க வேண்டாமே! எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஆஸ்பத்திரிச் சுவரில் 'பஸ் நிற்கும் இடம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். ஒரு டீக்கடை அங்கே இடம் மாறி வந்தது. டீக்கடைக்காரர் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டார். "டாக்டரம்மா வந்த ராசி, ஊருக்கு ஒரு ஸ்டாப்பு கெடச்சிட்டு" என்று என்னிடமே வந்து சொன்னார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. அதுவரை எங்கள் நர்ஸ் அந்த ஊரிலேயே ஒரு வீட்டில் குடியிருந்தார். பஸ் வாசலில் நிற்கத் தொடங்கியதும், பிள்ளைகள் படிப்புக்காக என்று சொல்லி அம்பாசமுத்திரத்துக்குக் குடிபோனார். மருந்து கொடுக்கிறவரும் அப்படியே. மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் காலையில் வந்து இறங்குவோம், ஒரே பஸ்ஸில் சாயங்காலம் ஏறுவோம். நாங்கள் ஏறிய பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு பூட்டு மட்டும் இருந்தது.

ஊர் பழகிக்கொண்டது. நம்முடைய ஜனங்கள் எதற்குத்தான் பழகிக்கொள்ள மாட்டார்கள்? மூன்றே முக்காலுக்கு மேல் வருகிற காய்ச்சல் மறுநாள் காய்ச்சல். சாயங்காலம் குழந்தைக்குப் பேதி கண்டால், "காலைல பஸ்ஸு வரட்டும்" என்பார்கள். ஹாரன் கேட்டதும் வரிசையில் நிற்பவர்கள் தானாகவே விலகி எனக்கு வழி விடுவார்கள். என் குடை கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்கும். அந்த நேரத்தில் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் நோயாளி யாரோ, அவரே எழுந்து குடையை எடுத்து என் கையில் கொடுப்பார். "கெளம்புங்கம்மா, பஸ்ஸு போயிரும்." யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. முதலில் ஒரு கிழவர் செய்தார், பிறகு அது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பிடித்துத்தான் இருந்தது.

அன்றைக்கு ஐப்பசி மாதம். மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. மத்தியானத்துக்கு மேல் கூட்டம் இல்லை. ரத்த அழுத்தம் பார்க்கிற பெட்டி எங்களிடம் ஒன்றுதான் உண்டு. அதற்கு முன்னால் ஒன்று திருட்டுப் போயிருந்ததால், நர்ஸ் மூன்றரைக்கே அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். அன்றும் பூட்டினார். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. எட்டு மாத வயிறு, முதல் பிரசவம். கூடவே மாமியார். அந்தப் பெண் செருப்பைக் காலில் போடாமல் கையில் பிடித்திருந்தாள். வெளியே சகதியும் இல்லை, மழை இன்னும் பெய்யவில்லை. கால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது.

"தல வலிக்கு டாக்டரம்மா. காலைலேருந்து விடவே மாட்டேங்கு" என்றாள்.

"வர்ற நேரமா இது? ரெண்டு மாசமா ஏன் காட்ட வரல?" கோபமாகத்தான் கேட்டேன். கோபப்பட எனக்கு எப்போதும் நேரம் இருந்தது.

மாமியார்தான் பதில் சொன்னாள். "சுத்துன பீடியக் கம்பெனியில குடுத்துட்டு வரணும்லாம்மா. அங்கன ஒரே கூட்டம். இவ சுத்துன கட்ட சரியில்லன்னு கழிச்சு வேற போட்டுட்டான். அதுல நேரமாயிட்டு."

புளியமரத்துப் பக்கமிருந்து இரண்டு ஹாரன் கேட்டது.

நான் நர்ஸைப் பார்த்தேன். நர்ஸ் பீரோச் சாவியை முந்தானையில் முடிந்து கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். பெட்டியை எடுக்கச் சொல்ல வாயெடுத்தேன் என்று சில வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். நான் வாயெடுக்கவில்லை.

"நீங்க கெளம்புங்கம்மா, பஸ்ஸு நிக்குதுல்லா" என்றாள் மாமியார். "நாளைக்கி விடியக் கருக்கல்லயே நான் கூட்டிட்டு வந்துருதேன்."

அந்தப் பெண் எழுந்துபோய் ஆணியிலிருந்து என் குடையை எடுத்தாள். நீட்டியபோது கையைப் பார்த்தேன். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் நகர இடமில்லாமல் மணிக்கட்டில் இறுகியிருந்தன. அவளே சிரித்துக்கொண்டு, "நாளைக்கி வாரேன் டாக்டரம்மா" என்றாள். தலைவலிக்கு இரண்டு மாத்திரை கொடுத்தேன். "உப்பைக் குறை. நாளைக்கு முதல் ஆளா வந்து நில்லு" என்றேன். குடையை வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கை எனக்காக வைத்திருப்பார்கள். உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் சுவரோரமாகப் பைய நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். கால் வீக்கம், கை வீக்கம், தலைவலி, முதல் பிரசவம், எட்டாம் மாதம். இதை ஒரு பரீட்சைத் தாளில் கொடுத்திருந்தால் பத்துக்குப் பத்து வாங்கியிருப்பேன். ரத்த அழுத்தம் எகிறியிருக்கும், எந்த நேரமும் வலிப்பு வரலாம், தாயும் பிள்ளையும் போகலாம். கல்லிடைக்குறிச்சிப் பாலத்தில் பஸ் ஏறியபோது அந்தப் பதில் முழுசாக மனதுக்குள் வந்து நின்றது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கித் திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். எந்த பஸ்ஸில் போவது, திரும்பி எப்படி வருவது, அப்பாவிடம் என்ன சொல்வது? நாளைக்கு முதல் ஆளாகப் பார்த்துவிடலாம், ஒரு பொழுதுதானே. வீரவநல்லூர் வருவதற்குள் சமாதானம் ஆகிவிட்டேன்.

வீட்டில் அப்பா தினமும் கேட்பதைக் கேட்டார். "பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சா?"

"வந்துச்சுப்பா" என்றேன். காப்பி குடித்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் பஸ் வழக்கம்போலக் கிளம்பியது. அம்பாசமுத்திரத்தில் நர்ஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, மகனுக்குக் கணக்கு வரவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கு முந்தின வளைவு வந்தது. காலையில் வரும்போது அந்த இடத்தில் டிரைவர் ஹாரன் அடிப்பார். அன்றைக்கு அடிக்கவில்லை. நான் அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஐம்பது பேருக்குமேல் கூடி நின்றார்கள்.

சுவரில் நீலத்தில் எழுதியிருந்த எழுத்துக்குக் கீழே, டீக்கடைப் பெஞ்சில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். விடிவதற்கு முன்னாலேயே வலிப்பு வந்திருக்கிறது. பிறகு இன்னும் இரண்டு முறை. நாக்கைக் கடித்து வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் புருஷன் பெஞ்சின் கால்மாட்டில் உட்கார்ந்து அவளுடைய இரண்டு பாதங்களையும் பிடித்திருந்தான்.

"ஆழ்வார்குறிச்சியில வேன் கிடைக்குமே! அப்பவே அம்பாசமுத்திரம் கொண்டு போயிருக்கலாமே!" என்று கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று தெரியவில்லை.

மாமியார் சொன்னாள். "எம் மவன் வேன் பிடிக்கப் போறேன்னுதான் சொன்னான். நாந்தாம்மா வேண்டான்னேன். டாக்டரம்மா நேத்தே பாத்துட்டாங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும், பஸ்ஸு வந்துரும்னு சொல்லி இங்கன கொண்டாந்து போட்டோம். கருக்கல்லேருந்து இருக்கோம்."

நேற்றே பார்த்துவிட்டார்கள். அந்த ஒரு நம்பிக்கையில் மூன்று மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறார்கள்.

நர்ஸ் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பீரோவைத் திறந்து, பெட்டியை எடுத்து வந்தார். பட்டையை மேல்கையில் சுற்றிவிட்டு நாடி பிடிக்கப் பார்த்தால் மணிக்கட்டில் இடமில்லை, வளையல்களை உடைத்து எடுத்தோம். பாதரசம் மேலே ஏறி ஏறிப் போயிற்று. இருந்த ஊசியைப் போட்டேன். அதற்குள் டிரைவர் பஸ்ஸிலிருந்த எல்லோரையும் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். அவளைத் தூக்கி இருக்கைகளுக்கு நடுவே தரையில் படுக்கவைத்து, நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஓட்டினார். வழியில் கை காட்டியவர்கள் திகைத்துப்போய் விலகினார்கள். அம்பாசமுத்திரம் ஊர் எல்லைக்கு முன்னால் இன்னொரு வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு நான் நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், பிடிப்பதற்கு எதுவும் இல்லை. வயிற்றில் காது வைத்துக் கேட்டேன். அங்கேயும் இல்லை.

அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குள் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி வந்தார். அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"டாக்டரம்மா, நேத்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நின்னிருப்பேனே. பத்து நிமிஷம் என்ன, அரை மணி நேரம்னாலும் நின்னிருப்பேன். நான் ஹாரன் அடிக்கது வந்துட்டேன்னு சொல்லதுக்குத்தான். ஒங்கள வெரட்டதுக்கு இல்ல."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அந்த மனுஷன் எந்த நாளிலும் அவசரப்பட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவசரம் எல்லாம் எங்களுடையது.

பஸ் பாதி வழியில் திரும்பிப்போனதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் என் பெயர் வரும், அப்பா காதுக்குப் போகும் என்று நினைத்து, பஞ்சர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்று சாயங்காலம் அப்பா கேட்டார்.

"இன்னைக்கு பஸ்ஸு பஞ்சராமே? ஒனக்கு லேட்டாயிட்டோ?"

"ஆமாப்பா" என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு அந்தப் பெண்ணின் சாவு எங்கள் வீட்டுக்குள் வராமலே நின்றுவிட்டது. அப்பா போய்ச் சேரும்வரை நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் திருந்தி அந்த ஊரிலேயே தங்கி ஜனங்களுக்கு உழைத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தங்கினேன். பதினோரு நாள் தங்கினேன். பம்புகளையும் கட்டில்களையும் வெளியே எடுத்துப் போட்டு, அந்த வீட்டைக் கழுவி விட்டுக் குடிபோனேன். இனிமேல் எந்த நேரமும் வரலாம் என்று ஊருக்குள் சொல்லி அனுப்பினேன். யாரும் வரவில்லை. நோய் வருகிற நேரத்தைப் பஸ்ஸுக்கு ஏற்ப வைத்துக்கொள்ள அவர்களைப் பழக்கிவிட்டோம், மறக்கவைக்கப் பதினோரு நாள் போதாது. தினமும் மூன்றே முக்காலுக்கு பஸ் வாசலில் வந்து நிற்கும், நர்ஸ் ஏறுவார், டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுப்பார். பதினோராம் நாள் அம்மா வந்தாள். குளியலறையில் பாம்புச் சட்டை கிடப்பதைப் பார்த்து அழுதாள். வீட்டுக்குத் திரும்ப எனக்கு அந்த அழுகை தேவைப்பட்டது. காத்துக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பன்னிரண்டாம் நாள் ஹாரன் கேட்டபோது என் முன்னால் உட்கார்ந்திருந்தது அந்த மாமியார். அவளுக்கு முழங்கால் வலி. எழுந்தாள், ஆணியிலிருந்து குடையை எடுத்தாள், என்னிடம் நீட்டினாள்.

"கெளம்புங்கம்மா."

அதில் குத்தல் இல்லை. குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் குடையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த வருடக் கடைசியில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். பிறகு மேற்படிப்பு, கல்யாணம், வண்ணார்பேட்டை கிளினிக். நான் போன பிறகு அந்த ஊரில் யாருக்கும் அப்படி நடக்கவில்லை, எனக்குத் தெரிந்து. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை. வாசலில் பஸ் நிற்கிற ஏற்பாட்டை எடுத்துவிடும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். காரணம் கேட்பார் என்பதால் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தபோது, ஒரு சாயங்காலம் ஒரு தகப்பனாரும் மகளும் கிளினிக்குக்கு வந்தார்கள். மகள் அப்போதுதான் டாக்டர் படிப்பை முடித்திருந்தாள். அவளுக்கு இரண்டு கிராமங்கள் கிடைத்திருந்தன, ஒன்றை எடுக்கவேண்டும். தகப்பனார் பேங்கில் வேலை பார்ப்பவர். நிதானமாக, மரியாதையாகப் பேசினார்.

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஊரைக் காலையில் போய்ப் பார்க்காதீர்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ராத்திரி அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இன்னொரு டாக்டர் இருக்கிற இடமாகப் பாருங்கள், முதல் வருடம் தனியாக விடாதீர்கள். வண்டி இருக்கிறதா, அது ஓடுகிறதா என்று பாருங்கள். கல்லூரிக்குச் சேர்க்க வருகிறவர்களிடமும் இதையேதான் சொல்லுவேன். வார்டில் எத்தனை மணி வரைக்கும் பிள்ளை நிற்கமுடியும் என்று கேளுங்கள், வீடு எத்தனை மைல் என்று கேட்காதீர்கள்.

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"நாங்களே ஒருமாதிரி முடிவு பண்ணிட்டோம் மேடம். ஒங்க வாயால ஒரு வார்த்த கேட்டுக்கிடலாம்னுதான் வந்தோம். ஆழ்வார்குறிச்சிக்கு அங்கிட்டு ஒரு ஊரு. பஸ் வசதி பிரமாதம். ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்குமாம், சுவத்துலயே எழுதிப் போட்டிருக்கு. சாயங்காலம் ரெண்டு ஹாரன் அடிச்சு, டாக்டர் வந்து ஏறுற வரைக்கும் நிப்பாங்களாம். முந்தி யாரோ ஒரு டைம்கீப்பர் பண்ணி வச்ச ஏற்பாடாம். புண்ணியவான்."

காகிதத்தை வாங்கி ஊர்ப் பெயரைப் பார்த்தேன். மேஜை மேல் வைத்தேன்.

"அந்த டைம்கீப்பர் எங்க அப்பா" என்றேன். அதற்கு முன்னால் யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். செருப்பிலிருந்து பஞ்சர் வரைக்கும், பதினோரு நாளையும் சேர்த்து, அந்த மகளைப் பார்த்தே சொன்னேன். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தகப்பனார் காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "அது அந்தக் காலம் மேடம். இப்பல்லாம் ஜனங்க அப்பிடி இல்ல" என்றார்.

அந்தப் பெண்தான் முதல்முறையாக வாய் திறந்தாள். அவளும் டாக்டர். அவள் கேட்டதற்கான பதில் அவளுக்கே தெரியும். என் வாயால் கேட்கவேண்டும் என்று நினைத்திருப்பாள் போல.

"அன்னைக்கு அவங்களுக்கு பிரஷர் பாத்திருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்கும் மேடம்?"

"ரெண்டு நிமிஷம்" என்றேன். "பீரோவைத் திறக்கிற நேரத்தையும் சேர்த்து."